நாற்காலிச் சத்தம்

"மனித குலத்தை ஏமாத்துனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ரத்த வகை ஜோசியம், இன்னொண்ணு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்."

டோக்கியோ ஹெட்போன் கண்காட்சியில் எங்கள் கல்லூரி இசை மன்றத் தலைவன் கிதஹாரா இதை அறிவித்தபோது, மூன்று மாதப் பகுதிநேரச் சம்பளம் புது ஹெட்போனாக அவன் கழுத்தில் தொங்கியது. ஒலியைக் கூட்டித்தரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி இல்லாமல் நேராகப் போனில் சொருகினால் அது கொசுவாகத்தான் பாடும்.

"ஆம்ப்ல போட்டுக் கேளு தலைவா!" எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"வித்தியாசம் தெரிஞ்சா மொட்டையடிச்சுக்கறேன். ஒரு தடவை கேட்டுட்டு மறுபடியும் வரிசையில நிக்குதுங்க பாரு, பைத்தியங்க!"

அந்த முடிக்கு அவன் தினமும் அரைமணி நேரம் செலவிடுபவன்.

எங்கள் முறை வந்தது. கடைக்காரப் பெண் அவன் ஹெட்போனை ஆம்ப்ளிஃபையரில் செருகி, அவனுக்குப் பிடித்த பாட்டை ஓடவிட்டாள். கிதஹாரா சட்டென்று பின்னால் திரும்பினான்.

"சார், நாற்காலிய இழுக்காதீங்க!"

அங்கே நாற்காலியே இல்லை. அந்தச் சத்தம் பாட்டின் பதிவுக்குள்ளேயே இருந்தது. அவன் ஆயிரம் முறை கேட்ட பாட்டு, இன்றுதான் அது காதில் விழுந்திருக்கிறது.

"என்ன, வித்தியாசம் தெரியுதா?" என்றேன்.

"சுத்தமா இல்ல," என்றான், முடியைத் தடவியபடி. "பசிக்குதுடா. நீ போய் யாகிசோபா வாங்கிட்டு வா."

நான் இரண்டு தட்டு நூடுல்ஸோடு திரும்பியபோது அவன் அதே வரிசையின் வாலில், சட்டையோடு தைத்த தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.