கேக்கின் இரண்டாவது வரி

பிள்ளைக்குக் கிழக்கு என்று பேர் வைக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்தது அவள் புருஷன்தான். பக்கத்தில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டான். அக்காவைக் கேட்காமல் அவனுக்குத் தும்மலும் வராது.

அக்கா, அதாவது அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், லேசுப்பட்ட ஆளில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைப் பார், ரோட்டைப் பார், கையை இறுக்காதே என்று நாள் முழுக்க ஊரையே அதட்டுகிறவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வாளா? அப்பா போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். பிறக்கப் போவது ஆண் என்று கூடத் தெரியாத காலத்திலேயே அப்பாவின் பேர்தான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

கிழக்கு என்றால் அடுத்தது மேற்கா என்று கேட்டாள். நாலையும் பெற்று முடித்தால் நடுவில் ஒரு முள்ளை வைத்துத் திசைகாட்டி என்று விற்றுவிடலாம் என்றாள். புருஷனுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்த முறை அனுமதியோடு சிரித்தான்.

பிள்ளையைப் பெற்றவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று அண்ணிக்குத் தெரியாதா? பிரசவ அறைக்குள் கால் வைத்த வேகத்தில் புருஷன் மயங்கி விழுந்து, நர்சுகளுக்கு இன்னொரு கேஸ் ஆனபோது, உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணிதான். இனி என்னால் முடியாது, விட்டுவிடுங்கள் என்று இவள் கதறினாள். அண்ணி இவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாக்காத. அங்க பாரு, கிழக்கப் பாரு. வெளுக்குது பார். அதையே பாத்துட்டு இரு, வந்துருவான்."

அவள் பார்த்தாள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறம் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாத மாதிரி பார்த்தாள். பிள்ளை வந்தான். வேறு என்ன பேர் வைப்பது? அந்த வார்த்தையைச் சொன்ன வாயே இப்போது அதைக் கேலி செய்கிறது. நன்றாக இருக்கிறது நியாயம் என்று மனதுக்குள் பொருமினாள். ஆனாலும் பயமில்லை. இதுதான் பேர் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேர் சொல்வதாக ஏற்பாடு. நாலு பேர் முன்னால் எந்தப் பேர் வருகிறதோ, அதுதான் நிலைக்கும். கேக் என் பொறுப்பு என்று அண்ணி முந்திக்கொண்டாள்.

அன்று காலையில் பேக்கரி மாஸ்டரிடமிருந்து இவளுக்குப் போன் வந்தது. இவள் அங்கே கேக்கில் எழுத்து எழுதுகிறவள். பிரசவத்துக்காக லீவில் இருந்தாள். அவள் இடத்தில் எழுதுகிறவனுடையது கோழி கிளறின மாதிரி இருக்கிறது, ஒரு அம்மா போனில் அதட்டி அதட்டி ஆர்டர் கொடுத்திருக்கிறார், எழுத்து கோணினால் கடையை ரெண்டாக்கிவிடுவார் போலிருக்கிறது, அரை மணி நேரம் வந்து காப்பாற்று என்று கெஞ்சினார்.

பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஏப்ரனைக் கட்டி, கிரீம் பையை முறுக்கிப் பிடித்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். மாஸ்டர் சொன்னார். அவளுடைய மாமனாரின் பேர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இத்தனை கடை இருக்க, தம்பி பெண்டாட்டியை மடக்க அவள் கையையே வாடகைக்கு எடுத்த கெட்டிக்காரி இவள் அண்ணியாகத்தான் இருக்க முடியும். தம்பி பெண்டாட்டி வேலை பார்க்கிற கடை, நன்றாகச் செய்வார்கள் என்று நினைத்தவள், லீவில் இருப்பவளைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

விஷயம் தெரிந்து மாஸ்டர் முழித்தார். வேண்டுமானால் மாற்றி எழுதிவிடு என்றார். அவள் தலையை ஆட்டினாள். வாடிக்கையாளர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட இதுவரை அவள் மாற்றியதில்லை, இப்போதும் மாற்றப் போவதில்லை.

மாமனார் பேரை மேலே பெரிதாக எழுதினாள். இவ்வளவு அழகாக அவள் எதையும் எழுதியதில்லை. அவரைப் பார்த்ததில்லையே என்று கை நடுவில் வருத்தப்பட்டது. பிறகும் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே இன்னொரு வரி எழுதி, பெட்டியை மூடி, கயிறு கட்டினாள்.

மதியம் கூடத்தில் சொந்தங்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணி வெற்றிக் களையோடு பெட்டியைப் பிரித்தாள். அப்பாவின் பேரைப் பார்த்ததும் முகம் இளகியது. அப்புறம் கீழே போனது கண். சத்தமாகவே படித்தாள்: "இவருடைய பேரன் கிழக்கு."

புருஷன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"யார் எழுதினது?"

"நான்தான் அண்ணி. நீங்க சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதிட்டேன். கீழ இருக்கிறதும் நீங்க சொன்னதுதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணிக்கு ஞாபகமே இல்லை. அங்கே பார், இங்கே பார் என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிறவள், அன்றைக்குச் சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே விட்டிருக்கிறாள். இத்தனை நாள் வயிறு எரிந்தது வீண்.

"ஆஸ்பத்திரில, என் தாடையப் பிடிச்சுத் திருப்பினீங்க. கிழக்கப் பாருன்னு சொன்னீங்க. அதப் பாத்துதான் பெத்தேன் அண்ணி. நீங்க சொல்லலைன்னா இவனும் இல்ல, நானும் இல்ல."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"அத்தைகிட்ட வாடா கிழக்கு," என்றாள்.

தைரியம் வந்துவிட்ட தம்பி சுவரை விட்டு நகர்ந்தான். "அப்ப அடுத்தது மேற்கா அக்கா?" என்றான்.

"என் மருமகன் பேர கேலி பண்ணின, நடக்கறது வேற," என்றாள் அக்கா. "போய் கத்திய எடுத்துட்டு வா. கீழ் வரிய மட்டும் யாரும் வெட்டக் கூடாது."