நூத்தம்பதுக்கு வாங்கின இயர்போன்

ரேடியோக்காரர் இயர்போனை வலது காதில் திருகிச் செருகிக்கொண்டு, இடது காதை உள்ளங்கையால் பொத்தியபோது, கட்டிலின் தலைமாட்டில் நின்ற மகள் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுய்யா," என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கும் நிலை. ஆனாலும் குரலில் கல்லாவில் உட்கார்ந்த தெம்பு போகவில்லை. "எம்பொண்ணு பிளாட்பாரத்துல பேரம் பேசி நூத்தம்பதுக்கு வாங்கினா. என்ன பெறும்?"

வாங்கியது ஆறாயிரத்துக்கு. அதற்கு முன் மெய்யாகவே நூற்றைம்பது விலையில் மூன்று வாங்கிப் பார்த்தாயிற்று. ஒன்று தகர டப்பாவில் உருளைக்கிழங்கை உருட்டியது போல் இடித்தது. இன்னொன்றில் ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாய்க் குத்தியது. மூன்றாவதன் வயர் சட்டையில் உரசினாலே காதுக்குள் மரம் அறுத்தது. இதில்தான் பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இதை மாட்டினால்தான் அப்பா வலியை மறந்து கண்ணயர்ந்தார். ஆனால் விலையைச் சொன்னால் நோய்க்கு வேலை வைக்காமல் அந்த நிமிஷமே போய்விடுவார். முப்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தி, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியறியாத மனிதர்.

வினை என்னவென்றால், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடித்துக்கொண்டார். தையல்காரர் தனக்கொன்று கேட்டார். ஊசி போட வரும் நர்ஸம்மாவும் கேட்டாள். அப்பாவின் வாக்கைக் காப்பாற்ற ஆறாயிரத்துக்கு வாங்கி நூற்றைம்பதுக்கு விற்றாள், இரண்டு தடவை. அந்தப் பரம்பரையில் இப்படியொரு வியாபாரி பிறந்ததில்லை.

அவர்களைச் சமாளித்தாள். நாற்பது வருஷம் ஸ்பீக்கர் விற்ற அப்பாவின் சிநேகிதரை, இந்த ரேடியோக்காரரை, எப்படிச் சமாளிப்பது?

"பாட்டை நிறுத்தும்மா," என்றார் ரேடியோக்காரர். "பாட்டு எந்தத் தகரத்துலயும் இனிக்கும். நியூஸ் வாசிக்கிறதப் போடு."

போட்டாள். சத்தத்தைப் பாதியாக்கினார், அதிலும் பாதியாக்கினார். சத்தம் குறையக் குறையத்தான் சரக்கின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. நுனி ரப்பரை நசுக்கிப் பார்த்தார். இடதை வலதில் மாற்றிப் போட்டார். புருவம் மெல்ல மேலேறியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அப்பாவுக்குத் தெரியாமல், சொல்ல வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

இயர்போனைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"நூத்தியிருபது. அதுக்கு மேல குடுத்தது தண்டம்."

அப்பாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"முப்பது ஏமாந்திருக்கா, பாத்தியா."

"சின்னப் பொண்ணுதானே. போகப் போகத் தேறிடுவா."

"சத்தம் எப்படி?"

"சத்தத்துல ஒரு குறை சொல்ல முடியாதுய்யா." அந்த ஒன்றில் மட்டும் அவர் வியாபாரம் பேசவில்லை.

அப்பா காதைக் காட்டினார். பாட்டை மறுபடி போட்டு மாட்டிவிட்டாள். மூன்று மாதமாக அவள் தோளில் கிடந்த மூட்டை எங்கேயோ இறங்கிப்போயிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மார்பு ஏறி இறங்கி, மறுபடி ஏறவில்லை. பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. அது முடிகிற வரை அவர் காதிலிருந்து அவள் இயர்போனை எடுக்கவில்லை. பேரத்தில் ஜெயித்த களை அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

சாயங்காலம் வண்டி வந்து எல்லாம் முடிந்த பிறகு, ரேடியோக்காரர் வாசலில் செருப்பைத் தேடினார்.

"நெசமா என்ன குடுத்த?"

"ஆறாயிரம், மாமா."

"சொன்ன விலையா?"

"ம்."

"கொறைச்சுக் கேக்கவே இல்லையா?"

"அன்னிக்கு அவருக்கு வலி ஜாஸ்தி. கேக்கத் தோணல."

ஒரு செருப்போடு நின்றார். "கேட்டிருந்தா ஐயாயிரத்துக்கே குடுத்திருப்பான். நல்லவேளை, உங்கப்பன் முந்திக்கிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்குவது நிற்கவில்லை. ரேடியோக்காரர் தெருப்பக்கம் திரும்பி நின்று, போகிற வண்டிகளின் நம்பர் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.