பெருக்கு முடிஞ்சு வாம்மா

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுப்பது மாலதிக்குக் கைவந்த வேலை; கைக்குழந்தை வந்தால்தான் பாடு. இரண்டு பேர் பிடித்தாலும் முறுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டும். எட்டு மாதப் பூமிகாவும் முதல் தடவை அப்படித்தான் அலறினாள்.

நெஞ்சில் கன்றிப்போன தடம். "தூளியிலேருந்து விழுந்துட்டா மேடம்" என்றான் அப்பன் திருமுருகன், யாரும் கேட்பதற்கு முன்பே. படத்தில் எலும்பெல்லாம் சுத்தமாக இருந்தது. தாய் ராஜாத்தி மட்டும் மெதுவாக, "ஒண்ணுமே தெரியலையாக்கா?" என்றாள்.

டாக்டர் பரணிதரனுக்கு மனசு ஒப்பவில்லை. மாலதியைத் தனியே கூப்பிட்டார். "யாரோ நெஞ்சைப் பிடிச்சு அமுக்கியிருக்காங்கன்னு படுதுங்க. விலா எலும்புல புதுக் கீறல் முதல் படத்துல தெரியாம போயிடும். ரெண்டு வாரத்துல அது கூடுறப்போ முடிச்சு விழும், அப்ப தப்பாது. அதைக் காட்டினா பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பாம காப்பாத்திடலாம். கட்டாயம் வரவைங்க."

மாலதி தேதி சொன்னாள். ராஜாத்தி தயங்கினாள். "அன்னிக்குப் பதினெட்டாம் பெருக்குங்கக்கா. ஆத்துல தாலிக்கயிறு மாத்தணும். போகலேன்னா அவரு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த மீதியைக் கேட்டிருக்க வேண்டாமா? மாலதி வீட்டிலும் அன்றைக்கு ஆற்றங்கரைப் படையல். காப்பரிசி வரை மனசு ஓடிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக எந்தப் பொம்பளை ஆஸ்பத்திரிக்கு வருவாள்? "சரி, பெருக்கு முடிஞ்சு அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பிவிட்டாள். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு!

பெருக்கன்று காவிரியில் நல்ல தண்ணீர். மாலதி புதுக்கயிறு கட்டிக்கொண்டு, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் பூமிகாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதே மேஜை. பிடிக்க ஆளே தேவைப்படவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது பிள்ளை. 'ஒரே ஒரு தடவை அழுதுடுடி, என் கண்ணு' என்று மாலதி கெஞ்சினாள்.

திரையில் விலா வரிசை முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. நேற்றே எடுத்திருந்தால் இந்த முடிச்சுகள் பேசியிருக்கும். பிள்ளை வார்டிலேயே இருந்திருக்கும். மண்டையில் இருந்த விரிசல் மட்டும் புதுசு, முந்தின ராத்திரியுடையது.

மத்தியானம் உயிர் அடங்கியது. திருமுருகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மஞ்சள் மங்காத புதுக்கயிற்றோடு ராஜாத்தி எக்ஸ்ரே ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப படத்துல தெரியுதாக்கா?"

மாலதியின் கை தன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"தெரியுதும்மா" என்றாள்.