இரண்டு கமலநாதன்

பிரவீனா, சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்தாள். வேலைக்கு நடுவே வலைப்பதிவு எழுதுவாள். காலை வணக்கம், நாசி லெமாக் சாப்பாடு, மழை, பிறந்தநாள் வாழ்த்து என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள். பதிவு குறைந்தால் ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

அன்று காலை வாட்சப் குழுவில், 'கமலநாதன் அண்ணன் தவறிட்டாரு' என்று ஒரு செய்தி வந்தது. பிரவீனாவின் அப்பாவுக்குச் சொந்த ஊர் பாலோ. அங்கே தோட்டத்துக் காற்பந்துப் போட்டிகளில் விசில் ஊதிய கமலநாதனை அவளுக்குத் தெரியும். பழைய படம் ஒன்றும் கையில் இருந்தது. பேருந்தில் நின்றபடியே எழுதிவிட்டாள். 'அன்பே உருவானவர். எல்லோருக்கும் உதவியவர். அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது.' கிளினிக்கை அடைவதற்குள் அனுதாபங்கள் குவிந்திருந்தன. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் கூட.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பிரவீனாவா? நான் ஷர்மினி. கமலநாதன் மக."

"அக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு..."

"என்னா வருத்தம்? சிங்கப்பூர்ல வேலையில இருந்தேன். உங்க பதிவப் பார்த்துட்டு அழுதுகிட்டே ஓடி வந்தேன். எல்லைப் பாலத்துல ஜாம். போன்ல பேட்டரியும் செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா அப்பா ஊஞ்சல்ல உட்கார்ந்து பிஸ்கட் சாப்புட்டுக்கிட்டு இருக்காரு!"

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"நான்தான்மா பேசுறேன்," என்றது ஒரு கரகரத்த குரல். "உயிரோடதான் இருக்கேன். மாலை கொண்டுட்டு வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்புறதுன்னுதான் தெரியல."

அலமாக்! பக்கத்தில் நின்ற நோயாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சத்தம் வெளியே வந்துவிட்டது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். ஷர்மினி போனை வாங்கித் துண்டித்துவிட்டாள்.

காலைச் செய்தியை மறுபடி திறந்தாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது: பெக்கான் நானாஸ், லோரி ஓட்டுநர் கமலநாதன். அவள் முதல் வரியோடு நிறுத்தியிருந்தாள்.

உடனே திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தாள். படத்தை மாற்றினாள். ஊர்ப் பெயரை மாற்றினாள். மேலிருந்து கீழே வாசித்தாள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்பே உருவானவர், எல்லோருக்கும் உதவியவர். பாலோக்காரருக்கும் சரி, பெக்கான் நானாஸ்காரருக்கும் சரி, நாளைக்குச் சாகிற யாருக்கும் சரி. அந்தக் கணத்தில் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. போனில் ஷர்மினியின் குரலைக் கேட்டபோதுகூட இப்படி ஆகவில்லை.

பதிவை அழித்தாள். நடந்த தவறை மட்டும் எழுதி, பாலோ குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு எதுவும் போடவில்லை.

சனிக்கிழமை பெக்கான் நானாஸுக்குப் போனாள். இறந்தவரின் மனைவி ராசம்மா வாசலில் வெற்று நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அங்கிளப் பத்தி எழுதலாம்னு வந்தேன். எனக்கு அவரத் தெரியாது."

"தெரியாமதான் எல்லாரும் எழுதுறாங்க," என்றார் ராசம்மா. "உட்காரும்மா."

பேசப் பேசப் பொழுது போனது. அன்னாசி லோரியை எந்தச் சந்திலும் திருப்பக்கூடிய மனிதர், நாய்க்குப் பயந்தவராம். வாசலில் நாய் படுத்திருந்தால், அது எழுந்து போகும்வரை லோரியிலேயே உட்கார்ந்திருப்பாராம். சோறு ஆறிப்போகும். "நான் போய் வெரட்டணும். அதுக்குத்தான் காத்திருப்பாருன்னு நெனைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒரு வாரம் கழித்துத்தான் பிரவீனா அதைப் போட்டாள். விருப்பக்குறிகள் வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. மறுநாள் மதியம் ராசம்மாவிடமிருந்து குரல்பதிவு வந்தது.

"படிச்சேன்மா. ரெண்டு தடவ படிச்சேன். ஒரு தப்பு இருக்கு. லோரி பச்ச இல்ல, நீலம். மாத்திரு லா."

பிரவீனா கவுண்டரில் நின்றபடியே பச்சையை நீலமாக மாற்றினாள். இத்தனை காலம் எழுதியதில் இதுவரை ஒருவரும் அவளிடம் ஒரு நிறத்தைத் திருத்தச் சொன்னதில்லை.