நாலு பந்திக்கு நாலு டம்ளர் சோடா உப்பு

எங்கள் அப்பா சங்கரநாராயணன் ஒரே நாளில் நாலு தரம் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொல்லுகிறேன்.

சாரல் விழுந்துவிட்டால் இலஞ்சியில் எங்கள் வீடு சத்திரம்தான். திருநெல்வேலி, மதுரை என்று எங்கெங்கோ கிடக்கிற சொந்தமெல்லாம் குற்றாலத்தில் குளிக்க வந்து எங்கள் வீட்டில் இறங்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் பசி சாதாரணப் பசி இல்லை. முதல் கூட்டம் பதினொரு மணிக்கு வரும், கடைசிக் கூட்டம் மூன்றுக்கு வரும். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரனும் கூட உட்காராவிட்டால் மரியாதை இல்லை என்பது அப்பா கட்சி. நாலு பந்தியிலும் அவருக்கு இலை உண்டு. சாப்பிட்டதும் கட்டிலில் சாய்வார், அடுத்த பந்திக்கு எழுந்திருப்பார்.

"அருவித் தண்ணி கல்லையும் கரைச்சிரும் பிள்ள" என்பார். அவர் அருவிப் பக்கம் போய் ஆறு வருஷம் ஆகிறது.

சாயங்காலம் நெஞ்சு எரியும். பந்திக்கு ஒரு டம்ளர் வீதம் சோடா உப்பு. அம்மா போனபிறகு அதைக் கலக்குகிற உத்தியோகம் எனக்கு. பட்டணத்தில் பி.ஏ. முடித்த பேச்சித்தாய்க்கு, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவளுக்கு, கரண்டியும் டம்ளரும்.

முப்பத்தேழாம் வருஷம் ஆடியில், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வாத்திச்சி வேலைக்கு உத்தரவு வந்தது.

"நீ போயிட்டா எனக்கு யாரு உப்புக் கலக்குவா? எரிஞ்சே சாவட்டுமா?" என்றார் அப்பா.

அப்பாவின் சிநேகிதர், கடையநல்லூர் ஜவுளி வியாபாரி கிதிர் முகம்மது, பக்கத்தில் இருந்தார். அவர் காதில் நன்றாக விழும்படி கேட்டேன்.

"எரியாம ஆக்கிட்டா விடுவீங்களா? பதினைஞ்சு நாள் கொடுங்க."

"ஆக்கிக் காட்டுட்டி. நானே தென்காசியில ரயில் ஏத்தி விடுதேன். கிதிரு, நீதான் சாட்சி."

"சாட்சிக்கு நிக்கேன் அண்ணாச்சி. ஆனா பிள்ள மொகத்தப் பாத்தா எனக்கே பயமாருக்கு."

முதலில் நியாயம் பேசினேன். ஒரு பந்தியோடு நிறுத்துங்கள், தின்ற உடனே படுக்காதீர்கள் என்றேன்.

"வந்தவன் திங்க, நான் வேடிக்கை பாக்கவா?"

மறுநாள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தேன், தின்றது மேலே ஏறாமல் இருக்கட்டும் என்று. மத்தியானம் படுத்தவர் விழித்தபோது கால்மாட்டில் சுருண்டு கிடந்தார். "ஏட்டி, என்ன உருட்டி விடத்தான் பி.ஏ. படிச்சியா?" செங்கல்லைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார்.

நியாயத்துக்கு மசியாத மனுஷன் எதற்கு மசிவார் என்று யோசித்தேன். கிதிர் முகம்மது மாமாவிடம் ஒரு காரியம் சொன்னேன். அவர் மறுநாள் பந்தி நடக்கும்போது வந்து, கூடத்துக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல பெரிய வீட்டு விருந்துன்னா வீட்டுக்காரர் உக்காரவே மாட்டார் அண்ணாச்சி. தோள்ல துண்டப் போட்டுக்கிட்டுத் தன் கையால பரிமாறுவார். கூட உக்காந்து திங்கிறதெல்லாம் சின்ன ஆளுங்க பழக்கம்."

அப்பா பாதி இலையில் கையை உதறி எழுந்துவிட்டார்.

மறுநாள் அப்பா தோளில் புதுத் துண்டு, கையில் நெய்க் கிண்ணம். முதல் பந்தியோடு அவர் சாப்பாடு முடிந்தது. அப்புறம் மூன்று பந்திக்கும் கூடத்தில் மேலும் கீழும் நடைதான். மதுரைச் சித்தப்பா, "அண்ணன் கையால நெய் விழுந்தா தனி ருசி" என்று சொல்லிவிட்டார். பிறகு கட்டில் பக்கம் யார் போவார்? பொழுது சாயுமுன் கஞ்சியும் மோரும் கொடுத்தேன், களைப்பில் குடித்தார். நாலு டம்ளர் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. ஒன்பதாம் நாள் உப்புக் கேட்க மறந்தே போனார். நான் ஞாபகப்படுத்துவேனா?

பதினைந்தாம் நாள் காலையில் என் டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அப்பா முகம் சரியில்லை. சாயங்காலம் சாட்சி வந்து உட்கார்ந்ததும் முனகத் தொடங்கினார்.

"எரியுது கிதிரு. தாங்க முடியல."

கை வலது விலாவைப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமும் அவர் நடுநெஞ்சிலிருந்து தொண்டைவரை தடவித்தான் நான் பார்த்திருக்கிறேன். எரிகிற இடமே மறந்துபோயிருந்தது.

"எங்கன எரியுது?" என்றேன்.

"இங்கனதான்." கை இடது விலாவுக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, இப்பதான அங்கன இருந்துச்சு?" என்றார் கிதிர் முகம்மது மாமா.

"அது எடம் மாறுதுல்லா."

"புளிச்ச ஏப்பம் வருதா?"

"வருது வருது." காற்றை விழுங்கி வாயைத் திறந்தார். இருமல் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன். அதற்குப் பதில் நாலு பந்தி உப்பையும் ஒரே டம்ளரில் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினேன். சாட்சி பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்காமல் முடியாது. ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"தூ, சவக்காரத் தண்ணியால்லா இருக்கு. இதையா நான் குடிச்சேன்?"

"மிச்சத்தையும் குடிங்க. எரியுதுன்னீங்களே."

டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கிதிர் முகம்மது மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"சிரிக்காதலே" என்றார் அப்பா. பிறகு என் பெட்டியைப் பார்த்து, "நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி?" என்றார்.

விடிந்ததும் அப்பாவுக்கு முட்டு வலிக்கிறதாம். "நெஞ்சுக்குத்தான் பந்தயம், முட்டுக்கு இல்ல" என்று பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றினேன். ஸ்டேஷன்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார், ஸ்டேஷன் வாசலிலிருந்து நொண்டினார். டிக்கெட் ஜன்னலில் சீசன் கூட்டம் முட்டி மோதியது. என்னை ஒருவன் இடித்தான். அவ்வளவுதான், அப்பா வேட்டியை மடித்துக் கட்டி இரண்டு பேரைத் தள்ளிவிட்டு முதல் ஆளாய் நின்றார்.

"பாளையங்கோட்டைக்கு ஒண்ணு" என்று கத்தினார். "பி.ஏ.க்கு."