பின்மண்டை

போர்வை அக்கா, ஸ்கிரீன் அக்கா. சொந்தப் பெயர் சொல்லி அவர்களைக் கடையில் யாரும் கூப்பிட்டதில்லை. ஒருத்தி போர்வை விற்கிறாள், இன்னொருத்தி திரைச்சீலை விற்கிறாள், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டரில் வருஷக்கணக்காக நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்றால் நிஜமாகவே நிற்கிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது.

துணிக்கடைக்கு வருகிறவர்கள் விற்பவளின் முகத்தை எங்கே பார்க்கிறார்கள்? அலமாரிப் பக்கம் திரும்பித் திரும்பி எடுத்துப் போடுகிறவளின் பின்மண்டையைத்தான் பார்க்கிறார்கள். முன்பக்க நரைக்குக் கண்ணாடி இருக்கிறது, சொந்தக் கை இருக்கிறது. பின்பக்கத்துக்கு இன்னொருத்தி வேண்டும். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீன் அக்கா போர்வை அக்கா வீட்டுக்கு வருவாள். குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஒருத்தி தலைக்கு ஒருத்தி சாயம் பூசுவார்கள். "இங்கயாவது உக்கார விட்டாங்களே" என்பது அவர்களுடைய பழைய ஜோக்.

நரைத்த பெண்களைக் கடை வெளியே அனுப்பாது. கீழே கிடங்குக்கு அனுப்பும், மூட்டை பிரித்து விலைச்சீட்டு ஒட்ட. ஜன்னலே இல்லாத இடம், எங்கு பார்த்தாலும் பஞ்சுத் தூசி. இறங்கியவர்கள் கொஞ்ச நாளில் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். சட்டைப் பிரிவில் இருக்கும் பெரியவருக்கு மீசை வரைக்கும் வெள்ளை. அவருக்கு மட்டும் அனுபவசாலி என்று பட்டம். இதைப் பார்த்து வயிறு எரியாமல் வேறென்ன செய்யும்?

போர்வை அக்காவுக்கு வீசிங். உதறிய போர்வையின் தூசிக்கே மூச்சு விசிலடிக்கும். கிடங்கு என்ற பேச்சைக் கேட்டாலே நெஞ்சை அடைக்கும்.

அன்று முதலாளியின் மருமகன் அவளை அறைக்குக் கூப்பிட்டான். கடைப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவன், மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத பையன்.

"உக்காருங்கக்கா" என்றான். அந்தக் கடையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதே இல்லை.

"மேல எல்லாரும் யூத்தா இருக்கணும்னு மாமா நினைக்கிறாரு. இப்போதைக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கீழ போனாப் போதும். நீங்களே சொல்லுங்கக்கா, யாரை அனுப்பலாம்?"

ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஸ்கிரீன் அக்கா என்னைவிடப் பெரியவங்க சார். சாயம் போடலைன்னா தலை முழுக்க வெள்ளை. எனக்குத்தான் தெரியும்."

மறுநாளே ஸ்கிரீன் அக்கா கிடங்குக்கு இறங்கினாள். முழங்கால் வலிக்காரி, கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். போர்வை அக்கா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன பிழைப்பு இது என்று தன்மீதே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் மூச்சு சீராக வந்தது, அதுவும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீன் அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். வந்தாள். கையில் வழக்கமான கிண்ணம், பிரஷ், கறை படிந்த துண்டு.

"உக்காரு."

"முதல்ல உங்களுக்குப் போடுறேன்க்கா."

"கிடங்குல என் தலைய எவ பாக்கப் போறா? உக்காரு."

பின்கழுத்தில் சாயம் சில்லென்று பட்டது. போர்வை அக்காவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவன் கேட்டப்ப நான்தான் உங்க பேரை..."

"தெரியும். அவனே சொன்னான்." பிரஷ் நிற்கவில்லை. "என்னைத்தான் முதல்ல கூப்பிட்டுக் கேட்டான். நானும் உன் பேரைத்தான் சொன்னேன். வீசிங் உள்ளவ, கஸ்டமர் முன்னாடி இழுத்துக்கிட்டு நிப்பான்னு."

ஸ்கிரீன் அக்கா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டாள்.

"இப்ப நம்ம ரெண்டு பேரைப் பத்தியும் அவனுக்கு எல்லாம் தெரியும். அடுத்தது நீதான். அதுவரைக்கும் கறுப்பா இரு."

போர்வை அக்காவின் தோள் குலுங்கியது.

"தலைய ஆட்டாத" என்று ஸ்கிரீன் அக்கா அவள் உச்சியைப் பிடித்துக் குனிய வைத்தாள். "காதுல பட்டா போகாது."