அரியலூரில் தூங்கிய பிள்ளை

"அங்கயே நில்லு! இன்னும் ஒரு அடி வச்சே, திரும்பி ரயிலேறிப் போயிடுவேன்."

முந்திரித் தோப்பின் செம்மண் பாதையில் ஓடி வந்த ஆரோக்கிய செல்வி அப்படியே நின்றாள். ஏழு வயது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கிறாள். காவல் கொட்டகை வாசலில் மரிய புஷ்பம் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால், பத்தடி தள்ளி, வந்ததும் வராததுமாகச் சுண்ணாம்பைக் கரைத்து அவளே போட்டுக்கொண்ட ஒரு வெள்ளைக் கோடு.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம், பங்குனி. புஷ்பம் அசாமில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். வரதராசன்பேட்டையில் வாத்தியாராக இருந்த புருஷன் விஷக்காய்ச்சலில் போன பிறகு, பிள்ளையை அவர் தங்கை சாந்தி மேரியிடம் விட்டுவிட்டுப் போனவள். ஒரு மாத லீவு. அதில் பாதி ரயிலிலேயே போய்விடும். வரும் வழியில், கூட வந்த கோட்டயத்து நர்சுப் பெண் காய்ச்சலோடு இரண்டு நாள் இவள் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். பெஜவாடா வந்தபோது அந்தப் பெண்ணின் முகமெல்லாம் பெரியம்மை. இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புஷ்பம் அம்மை குத்திக்கொண்டவள்தான். ஆனால் குத்திக்கொண்டவர்களும் சாவதை அவள் வார்டில் பார்த்திருந்தாள். வீட்டுக்குள் கால் வைக்குமுன் தெருவில் நின்றே கேட்டாள்.

"மேரி, புள்ளைக்கு அம்மை குத்தியாச்சா?"

மேரி முந்தானையைத் திருகினாள். "குத்துறவரு வந்தாரு அண்ணி. புள்ளைக்கு காய்ச்ச வருமேன்னு குதிருக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன்."

புஷ்பம் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்துவிட்டாள். குத்துகிறவர் அடுத்த மாதம்தான் வருவாராம். பதின்மூன்று நாள் கழியட்டும், எனக்கு அம்மை காணுமானால் அதற்குள் கண்டுவிடும் என்றாள். அது கழிந்தால் பிள்ளையோடு இருக்க மூன்று நாள் மிஞ்சும்.

மேரி கஞ்சியைக் கோட்டோரம் வைத்துவிட்டு விலகிப் போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் செல்வி இந்தப் பக்கம் வந்து குந்துவாள். நாக்கை நீட்டு, திரும்பி முதுகைக் காட்டு, பல்லைக் காட்டு என்று அம்மா அங்கிருந்தே பிள்ளையைப் பார்த்தாள். தலையில் எங்கே சிக்கிருக்கிறது என்று விரலை நீட்டிச் சொல்ல, செல்வி தானே சீவிக்கொண்டாள். ஒரு நாள் அவள் முந்திரிப்பழம் ஒன்றைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டாள். அம்மா தின்றாள். திருப்பி எதையும் உருட்டவில்லை. அந்தப் பக்கம் போனது எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் கிணற்றடியில் ஆண்டாயி சொன்னதைச் செல்வி கேட்டாள். "பன்னெண்டு நாளு, பதிமூணு நாளுன்னு தோப்புல என்னா தவமா பண்றா? வவுறு எறங்குனாத்தான வூட்டுக்கு வர முடியும்! பட்டாளத்துக்குப் போனவ வெறுங்கையோடயா வருவா?" குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். செல்விக்குப் பாதிதான் புரிந்தது. அம்மாவுக்கு வேறொரு பிள்ளை என்ற பாதி. அன்றிலிருந்து தோப்புக்குப் போகவில்லை. கோட்டோரம் ஆளில்லாததைப் பார்த்து அம்மா தினமும் மேரியிடம் கேட்டாள். வீட்டுப்பாடம் என்று மேரி பொய் சொன்னாள்.

பதின்மூன்று நாள் முடிந்தது. உடுத்தியிருந்த துணியைக் கொளுத்திவிட்டு, தலைமுழுகி, புதுச்சேலை கட்டிக்கொண்டு புஷ்பம் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். செல்வி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ளைய எங்க வச்சிருக்க?"

"எந்தப் புள்ளை?"

"ஒன் வவுத்துல இருந்தது."

மேரி ஓங்கி அறைந்தாள். இரண்டாவது அறை விழுவதற்குள் புஷ்பம் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு நீட்டிய கைகள் இரண்டும் இப்போது மேரியின் கையைப் பற்றியிருந்தன. "அடிக்காத. அது சொன்னதா இது? ஊரு சொன்னது." பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு நீ ஒருத்திதாண்டி."

செல்வி நம்பவில்லை. மூன்று நாளும் அத்தையோடு தின்றாள், அத்தையோடு படுத்தாள். அம்மா கிட்டே வந்தால் கொல்லைக்குப் போனாள். புஷ்பம் துரத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பிள்ளையின் கிழிந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில், பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் மூன்று பேரும் அரியலூருக்குக் கிளம்பினார்கள். அம்மா பேச்சுக் கொடுத்துவிடப் போகிறாளே என்று செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். விக்கிரமங்கலம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது தலை சரிந்து அம்மாவின் தோளில் விழுந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மெல்ல ஒரு கை வந்து அவளை மடிக்கு இறக்கியது. கார்பாலிக் சோப்பு வாசனை. செல்வி உடம்பைத் துவளவிட்டு மூச்சைச் சீராக விட்டாள். கண்ணைத் திறந்தால் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஸ்டேஷன் வரை அம்மாவே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"குடுங்க அண்ணி, கை கடுக்கும்."

"ஆம்பளைங்களத் தூக்கிப் போட்ட கை மேரி இது. இவ என்ன கனம்."

"எழுப்பவா? போற நேரத்துல ஒரு வார்த்த பேசட்டும்."

"வேணாம், தூங்கட்டும். எம்மேல கோவம் இருந்தா இப்புடித் தூங்குவாளா?"

புஷ்பம் தொண்ணூற்றிரண்டு வயசு வரைக்கும் இருந்தாள். சண்டை முடிந்து வந்து, பெரம்பலூரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்து, மகளைப் படிக்கவைத்து, குரும்பலூர்ப் பள்ளியில் டீச்சராக்கி, மகளுடைய மூன்று பிரசவத்தையும் தன் கையால் பார்த்தாள். தோப்பைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசியதெல்லாம் அரியலூர் ஸ்டேஷனைப் பற்றித்தான். "என் மவ என் தோள்ல அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்குனா. அந்தக் கனத்த வச்சுத்தான் அடுத்த ரெண்டு வருசத்த ஓட்டுனேன்." மாப்பிள்ளையிடம், பேரப்பிள்ளைகளிடம், சிரிஞ்சைக் கொதிக்கவைக்கும் ஆயாவிடம், எல்லாரிடமும். செல்வி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். 'நான் முழிச்சிருந்தேம்மா' என்று சொல்ல அறுபத்திரண்டு வருஷம் இருந்தது. அடக்கத்தன்று பங்குச் சாமியார், அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். செல்வியின் மகன் பக்கத்தில் வந்து, "அந்த ஸ்டேஷன் கதையச் சொல்லுங்கம்மா" என்றான். எழுந்து மைக் வரை போனவள் பிறந்த தேதியையும் வேலை பார்த்த ஊர்களையும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அரியலூரில் அன்று ரயில் வந்தபோது தரை அதிர்ந்தது. அம்மாவின் தோளிலிருந்து அத்தையின் தோளுக்கு மாறியதைச் செல்வி மூடிய கண்ணோடு அறிந்தாள். கதவு அறைந்து சாத்தும் சத்தம். பிறகு உயரத்திலிருந்து, ஜன்னல் வழியாக அம்மாவின் குரல்:

"கண்ணு மேல வெயில் அடிக்குது பாரு மேரி. முந்தானையப் போடு."

மேரி முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். விசில் ஊதியது. துணிக்குள்ளே, யாருக்கும் தெரியாமல், செல்வி கண்ணைத் திறந்தாள். நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருட்டும் வெளிச்சமுமாக ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. அதில் எது அம்மாவுடையது என்று தெரியவில்லை.